வடசென்னையை நடந்து பார்க்க வடக்கிலிருந்து தொடங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளுடன் ஒரு நாள் முழுக்க வடசென்னையை நடந்தே பார்க்க வேண்டும், எங்கே தொடங்குவது என்று வாசகர் ஒருவர் சென்ற வாரம் இப்பகுதியில் கேட்டிருந்தார். வந்த பதில்களில் பெரும்பாலானவை காலை 10 மணிக்குப் புனித ஜார்ஜ் கோட்டையில் தொடங்கி வடக்கே போகச் சொன்னன. அந்த வரிசையில் போனால் நாள் வீணாகும். கோட்டையை முடித்துப் பாரிமுனைக்கு வரும்போது மணி 12 ஆகியிருக்கும். கோயில்களில் நடை சாத்தியிருப்பார்கள். வெயில் உச்சிக்கு வந்திருக்கும். ராயபுரம் தாண்டிக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை எட்டும்போது மீன் ஏலம் முடிந்து தரையைக் கழுவியிருப்பார்கள். வடசென்னையில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பொழுது உண்டு. காசிமேட்டுக்கு விடியல், தேவாலயங்களுக்கும் கோயில்களுக்கும் முற்பகல், சௌகார்பேட்டைக்கு மாலை. அந்தப் பொழுதுகளை வரிசையாக வைத்தால் பாதை தானாகவே வடக்கிலிருந்து தெற்காக அமைகிறது.

மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள். டிசம்பர் கடைசி வாரம் முதல் பிப்ரவரி முடிய உள்ள நாள்களே இதற்கு ஏற்றவை. அக்டோபர் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை மழைக்காலம். ஒரு நல்ல மழை பெய்தாலே உள்தெருக்களில் கணுக்கால் அளவு நீர் நிற்கும். கால்வாய்ப் பலகை எங்கே பெயர்ந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. நீர் நிற்கும் தெருவில் ஓரமாக நடப்பதுதான் ஆபத்து, நடுவில் நடங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டியே கிடக்கும், ஃபைபர் படகுக்காரர்கள் கொண்டு வரும் மீன் மட்டுமே கரைக்கு வரும். வெயிலுக்கும் அதுவே உச்சம், ஆகவே அந்த இரண்டு மாதத்தையும் விட்டுவிடலாம். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரமும் வேண்டாம். ரத்தன் பஜார் பக்கம் காலை ஊன்ற இடம் இருக்காது.

அடுத்தது கிழமை. ஞாயிற்றுக்கிழமை மொத்த வியாபாரத் தெருக்கள் அடைத்திருக்கும்; கைவண்டியும் லாரியும் இல்லாததால் பழைய கட்டடங்களின் முகத்தை நிதானமாகப் பார்க்கலாம். காசிமேட்டில் கூட்டம் அதிகமாக இருப்பதும் அன்றுதான். வேலை நாளில் போனால் வியாபாரத்தைப் பார்க்கலாம், கட்டடத்தைப் பார்க்க முடியாது. பிள்ளைகளோடு முதல் முறை போகிறவர்களுக்கு ஞாயிறே சரி. ஜார்ஜ் டவுனை உண்மையில் அறிய விரும்புகிறவர்கள் இரண்டாம் முறை ஒரு புதன், வியாழனில் வர வேண்டும். நைனியப்ப நாயக்கன் தெருவிலும் ராசப்ப செட்டி தெருவிலும் நாட்டு மருந்துக் கடைகளைத் தாண்டும்போது மூக்கில் ஏறும் வசம்பு, திப்பிலி வாசனையும், ஆண்டர்சன் தெருவில் காகிதக் கட்டுகள் இறங்கும் வேகமும் ஞாயிற்றுக்கிழமையில் கிடைக்காது.

காசிமேட்டில் விடியற்காலை 5 மணிக்கு இருக்க வேண்டும். முதல் மெட்ரோவில் வந்து தண்டையார்பேட்டையில் இறங்கி ஆட்டோ பிடித்தாலும் ஏலத்தின் பெரும்பகுதியைப் பார்த்துவிடலாம். ஐஸ் உருகிய நீரும் மீன் செதிலும் கலந்து தரை வழுக்கும். துணிக்காலணி ஐந்து நிமிடத்தில் ஊறி, அந்த வாடை நாள் முழுக்கக் கூடவே வரும், கொப்புளமும் போடும். பின்வார் உள்ள ரப்பர் செருப்பு போட்டு வந்து, வெளியே வந்ததும் கழுவி, பையில் வைத்திருக்கும் காலணிக்கு மாறுவதே நல்லது. ஏலக்காரரைச் சுற்றி நிற்கும் வட்டத்துக்குள் நுழையாதீர்கள். அந்த வட்டத்தில் நிற்பவர்களுக்கு ஒவ்வொரு கூடையும் அன்றைய பிழைப்பு. பின்னாலிருந்து "வழி, வழி" என்று குரல் வந்தால் திரும்பிப் பார்க்காமல் பக்கவாட்டில் ஒதுங்குங்கள். தலையில் கூடை வைத்திருப்பவரால் சட்டென்று நிற்க முடியாது. வஞ்சிரம், வவ்வால், சங்கரா, கடம்பா, நெத்திலி என்று பிள்ளைகளுக்குப் பெயர் சொல்லிக் காட்டுங்கள். மீன் விற்கும் பெண்களைப் படம் எடுப்பதானால் கேட்டு எடுங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று மீன் வாங்கிவிடாதீர்கள். மாலை வரை அதைத் தூக்கித் திரிய முடியாது.

6.30க்கு அங்கிருந்து கிளம்பி ராயபுரத்தை நோக்கித் தெற்கே நடக்கத் தொடங்கலாம். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையில் இரண்டு லாரிக்கு நடுவே புகுந்து கடப்பது வேண்டாம். நின்றிருக்கும் லாரியின் ஓட்டுநருக்கு வண்டியின் முகப்பை ஒட்டி நிற்பவர் தெரியமாட்டார். சிறு பிள்ளைகள் இருந்தால் இந்தத் துண்டை மட்டும் ஆட்டோவில் கடந்துவிடுங்கள். இதில் பார்க்க ஒன்றும் பெரிதாக இல்லை.

ராயபுரம் என்ற பெயரே ராயப்பரிலிருந்து வந்தது என்பார்கள். பேதுருவுக்குத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் வைத்த பெயர் அது. இங்குள்ள ராயப்பர் தேவாலயத்தோடு படகுக்காரர்களுக்கு இருந்த பந்தம் புரிய வேண்டுமானால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: சென்னைக்கு நெடுங்காலம் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, கயிற்றால் தைத்த மசூலா படகுகளில்தான் ஆளும் சரக்கும் அலையைத் தாண்டிக் கரைக்கு வந்தன. பக்கத்திலேயே 1910இல் கட்டிய பார்சிகளின் அக்கினிக் கோயில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அவர்களுக்கு உள்ள ஒரே அக்கினிக் கோயில் இது. பார்சிகள் அல்லாதவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. வாசலோடு திரும்புங்கள், காவலாளியிடம் வாதாட வேண்டாம். ராபின்சன் பூங்கா இப்போது அறிஞர் அண்ணா பூங்கா. 1949 செப்டம்பர் 18 அன்று கொட்டும் மழையில் தி.மு.க.வின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்த இடம். சிற்றுண்டிக்குப் பிறகு இங்கே கால் மணி நேரம் உட்காரலாம். சிற்றுண்டி இட்லியோடு நிற்கட்டும். பூரியும் பொங்கலும் சாப்பிட்டுவிட்டு நடந்தால் 9 மணிக்கே கால் பின்னும்.

ராயபுரம் ரயில் நிலையத்துக்கு அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை இங்கிருந்து வாலாஜா ரோடு வரை 1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபுவால் திறந்து வைக்கப்பட்டது; பொதுமக்களுக்கான ரயில் ஜூலை 1 முதல் ஓடியது. சென்ட்ரல் 1873இல் வருவதற்கு முன் பட்டணத்துக்கு இதுதான் நிலையம். அந்தத் தூண் வரிசையோடு கட்டடம் இன்றும் நிற்கிறது. நடைமேடைக்குள் போவதற்கு முன் பயணச்சீட்டு வாங்கிவிடுங்கள். குறுக்கு வழி என்று தண்டவாளத்தைக் கடக்கவே கடக்காதீர்கள்.

அடுத்து பழைய சிறைச்சாலைச் சாலை. இங்கேதான் பலரும் நிற்காமல் போகிறார்கள். இந்தியர்கள் வாழ்ந்த கறுப்பர் நகரத்தை, அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனைச் சுற்றி ஆங்கிலேயர் எழுப்பிய மதிலின் எஞ்சிய துண்டு இந்தச் சாலையில் இருக்கிறது. 1758-59இல் பிரெஞ்சுக்காரர்களின் முற்றுகை, 1769இல் ஹைதர் அலியின் குதிரைப்படை என்று அடுத்தடுத்து அடிவாங்கிய பயத்தில் எழுந்த மதில் அது. அதன் செலவுக்காக மக்கள்மீது வரி போட நினைத்ததால்தான் மேற்குப் பக்கத்துச் சாலைக்கு வால்டாக்ஸ் சாலை என்று பெயர். வரி வசூலாகவில்லை, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. மதிலின் மேலேயே பூங்கா அமைந்ததால் ஊர்மக்கள் மாடிப் பூங்கா என்கிறார்கள். மேலே ஏறிப் பார்த்த பிறகு கீழே மதிலடியில் உள்ள வளைவறைகளையும் பாருங்கள். மதிலின் கனம் அங்கேதான் தெரியும். அருகில் இருக்கும் ஸ்டான்லி மருத்துவமனைக்குக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்ற பெயர், 18ஆம் நூற்றாண்டின் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தால் வந்தது.

பெயர்களைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். வெளியூர்க்காரர்கள் வழிதவறுவது பெரும்பாலும் பெயரால்தான். வரைபடத்தில் பிரகாசம் சாலை என்றிருக்கும், ஆட்டோக்காரர் பிராட்வே என்பார். என்.எஸ்.சி. போஸ் சாலை பெரியவர்களுக்கு இன்னும் சைனா பஜார். ராஜாஜி சாலை பீச் ரோடு. தங்கசாலை என்றாலும் மின்ட் என்றாலும் ஒன்றே. கோரல் மெர்ச்சன்ட் தெருவைத் தேடுகிறவர் பவழக்காரத் தெரு என்று கேட்க வேண்டும். அரண்மனைக்காரன் தெருவில் எந்த அரண்மனையும் இருந்ததில்லை. ஆர்மேனியன் தெரு தமிழ் நாவில் அப்படித் திரிந்தது. கதவு எண்ணிலும் பழையது, புதியது என்று இரண்டு உண்டு. முகவரி கேட்டுப் போகிறவர்கள் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். குறுகிய தெருவில் கைப்பேசி வரைபடத்தின் நீலப்புள்ளி அடுத்த தெருவுக்குத் தாவும். அப்போது அதை விட்டுவிட்டு, நீளமான தெரு வடக்கு தெற்கு, குறுக்கே வெட்டுவது கிழக்கு மேற்கு, கிழக்கே கடல் என்ற ஒரே கணக்கில் நடந்தால் பெரும்பாலும் தவறாது.

நிழலுக்கும் அதே கணக்குதான். வடக்கு தெற்காக ஓடும் தம்பு செட்டி, லிங்கி செட்டி தெருக்களில் காலையில் கிழக்குச் சாரிக் கட்டடங்களின் நிழல் தெருவில் விழும். ஆகவே காலையில் கிழக்குச் சாரியாகவும், மாலை 3 மணிக்குமேல் மேற்குச் சாரியாகவும் நடக்க வேண்டும். குறுக்குத் தெருக்களில் அக்டோபர் முதல் மார்ச் வரை சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் தென்சாரியில் நிழல் கிடைக்கும். ஏப்ரல் கடைசி வாரத் தொடக்கத்திலும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். எந்தச் சாரியிலும் நிழல் இராது. கடற்காற்று பெரும்பாலும் நண்பகலை ஒட்டி உள்ளே வரும். மே, ஜூன் மாதங்களில் மேலைக்காற்று பலமாக இருந்தால் அது தாமதமாகும், அன்று வெப்பம் ஏறிக்கொண்டே போகும். காற்று வந்தாலும் ராஜாஜி சாலைக்குத்தான் முதலில். உயர்ந்த கட்டடங்களுக்குப் பின்னால் உள்ள தெருக்களில் புழுக்கம் தணிய நேரமாகும். குடை ராஜாஜி சாலையில் உதவும். சௌகார்பேட்டைக்குள் குடை விரித்தால் எதிரே வருபவர் கண்ணில் படும், தொங்கும் கம்பிகளில் சிக்கும். தொப்பியே போதும்.

ஞாயிறானால் மாடிப் பூங்காவிலிருந்து நேராகத் தெற்கே இறங்கி 9.30க்குள் அரண்மனைக்காரன் தெருவில் இருங்கள். 1772இல் கட்டிய ஆர்மேனியர் தேவாலயத்தின் மணிகள் அந்நேரம் ஒலிக்கும். மணிக்கூண்டு தேவாலயத்தோடு சேராமல் தனியே நிற்கிறது, ஆறு மணிகள். முற்றத்தில் நடக்கும்போது காலடியில் பாருங்கள், கல்லறைப் பலகைகளின்மீதுதான் நடக்கிறோம். உலகின் முதல் ஆர்மேனிய இதழை 1794இல் இந்தச் சென்னையில் அச்சிட்ட ஹரூத்தியூன் ஷ்மாவோனியானும் இங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். பிற்பகலில் கதவைச் சாத்திவிடுவார்கள், அதனால் இதை மாலைக்குத் தள்ளக் கூடாது. அதே தெருவில் உள்ள புனித மரியன்னை இணைப் பேராலயத்தில் அந்தோணியாருக்குச் செவ்வாய்தோறும் பெருங்கூட்டம் வரும். அமைதியாகப் பார்க்க வேண்டுமானால் வேறு கிழமையில் போங்கள்.

மற்ற கிழமைகளில் மணிக்காக ஓட வேண்டியதில்லை. மாடிப் பூங்காவிலிருந்து ஏழுகிணறு வழியாகச் சுற்றி வரலாம். கோட்டைக்குக் குடிநீர் கொடுக்க 1772இல் கேப்டன் பேக்கர் இங்கே கிணறுகள் தோண்டினார். பத்தில் ஏழு மட்டுமே பயன்பட்டதால் வந்த பெயர் என்பது வழக்கு. வீராசாமித் தெருவில் வள்ளலார் வளர்ந்து வாழ்ந்த வீடு இருக்கிறது. அவர் கந்தகோட்டம் முருகன் கோயிலுக்கு நடந்து போனது இந்தத் தெருக்களில்தான்.

தம்பு செட்டி தெருவின் காளிகாம்பாள் கோயிலுக்கு 11 மணிக்கு முன் போய்விடுங்கள். சத்ரபதி சிவாஜி 1677இல் இங்கே வந்து வழிபட்டதாகக் கோயில் வழக்கு. இதை ஒட்டிய தெருக்களில்தான் பழைய வீடுகளைக் கவனிக்க வேண்டும். தரைத்தளம் முழுக்கக் கடை ஷட்டர். வீடு மேலே ஒளிந்திருக்கும். நின்று நிமிர்ந்து பாருங்கள், நடந்துகொண்டே நிமிர்ந்தால் பள்ளத்தில் கால் போகும். தேக்கு விட்டங்களுக்கு மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாக, மூலைவாட்டில், சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்து, மேலே மெல்லிய ஓடு பதித்தால் அது மெட்ராஸ் டெரஸ் என்னும் தட்டைக் கூரை. கதவு திறந்திருந்தால் வெளியிலிருந்தே உத்தரத்தில் அந்தச் சாய்ந்த செங்கல் வரிசை தெரியும். சுவர் உரிந்து கிடப்பதைப் பார்த்துப் பழமையால் வந்தது என்று நினைக்க வேண்டாம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பாகப் பூத்துப் பூச்சைத் தள்ளும். கூரையோரத்தில் முளைத்த அரசங்கன்றை மேலோடு கிள்ளிவிட்டால் வேர் மட்டும் பருத்துச் சுவரைப் பிளக்கும். இந்த இரண்டாலும் கண்முன்னே வீடுகள் போய்க்கொண்டிருக்கின்றன. இருப்பவற்றை இப்போதே பாருங்கள்.

வேலை நாளில் இந்தத் தெருக்களில் கைவண்டிக்கும் மீன்பாடி வண்டி எனப்படும் மூன்று சக்கரச் சரக்கு வண்டிக்கும்தான் முதல் உரிமை. சரக்கேற்றிய கைவண்டிக்கு பிரேக் இழுப்பவரின் குதிகால்தான். நிறுத்தினால் மறுபடி நகர்த்த இரண்டு ஆள் வேண்டும். ஆகவே நீங்கள் நில்லுங்கள், வண்டி போகட்டும். குழுவாக வந்தால் ஒருவர் பின் ஒருவராக நடங்கள், ஆறு பேருக்குமேல் சேர்ந்து வராதீர்கள்.

பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தின் அருகே சாலையோரம் நிற்கும் கல்தூணைத் தினமும் ஆயிரக்கணக்கானோர் பார்க்காமலே கடக்கிறார்கள். கோட்டையின் பீரங்கிக்கு முன்னால் வெளி வேண்டும் என்பதற்காகக் கோட்டையை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரத்தை இடித்தார்கள். இதற்கு இப்பால் யாரும் வீடு கட்டக் கூடாது என்று 1773இல் ஆறு எல்லைத் தூண்கள் நட்டார்கள். அவற்றில் மிஞ்சியது இது ஒன்றுதான். இடிபட்ட ஊரின் மேல்தான் 1892இல் உயர் நீதிமன்றம் எழுந்தது. அங்கிருந்த சென்னகேசவப் பெருமாளும் சென்ன மல்லீசுவரரும் பூக்கடைப் பக்கம் குடிபெயர்ந்தார்கள். நீதிமன்ற வளாகத்தின் கிழக்கு மதிலில், 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் குண்டு வீசியதைச் சொல்லும் கல் இருக்கிறது. 1844இல் கட்டிய பழைய கலங்கரை விளக்கத் தூண் உள்ளே நிற்கிறது. உள்ளே விடுவார்கள் என்று நம்பித் திட்டமிடாதீர்கள், சாலையிலிருந்தே பார்க்கலாம்.

12 முதல் 4 வரை நடை வேண்டாம். சாப்பிட்டுவிட்டுக் கோட்டை அருங்காட்சியகத்தில் உட்காருங்கள், வெள்ளிக்கிழமை விடுமுறை. தலைமைச் செயலகம் உள்ள வளாகம் என்பதால் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர் கணக்கு வைத்து, பாதியைச் சுமந்து, மீதியை வழியில் நிரப்புங்கள். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போனால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. தலை வலிக்கும், கெண்டைக்கால் பிடிக்கும். உப்புப் போட்ட மோர், உப்பு எலுமிச்சைச் சாறு, இளநீர் என்று மாற்றி மாற்றிக் குடியுங்கள். பெரியவர்கள் களைத்துவிட்டால் மாடிப் பூங்காவோடு நிறுத்தி, வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் ஏறினால் மண்ணடிக்கு அடுத்த நிலையம் உயர் நீதிமன்றம்.

மாலை 4.30க்குக் கந்தகோட்டம். வள்ளலார் தெய்வமணிமாலை பாடிய சந்நிதி. அங்கிருந்து தங்கசாலைத் தெருவில் வடக்கே போனால் ஜிலேபி, ஆலு டிக்கி, முறுக்கு சாண்ட்விச், லஸ்ஸி. சூடாக எடுத்துக் கொடுப்பதை மட்டும் வாங்குங்கள். கடைசியாகப் பர்மா பஜார் பக்கம் திரும்பி, இரண்டாவது கடற்கரைச் சாலையில் அத்தோ என்னும் பர்மிய நூடுல்ஸ். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக 1969இல் உருவானது அந்த பஜார். நூடுல்ஸ், பச்சை முட்டைகோஸ், வறுத்த பூண்டு, புளித்தண்ணீர், பேஜோ என்னும் மொறுமொறு வடையை நொறுக்கியது எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருவார்கள். வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் வாழைத்தண்டு சூப்போடு நிறுத்திக்கொள்ளலாம். நாளின் முடிவில் இதை வைப்பதற்குக் காரணமும் அதுதான். மொத்த நடை 12, 13 கிலோமீட்டர் வரும். கடற்கரை ரயில் நிலையம் கூப்பிடு தூரம்.

இந்த நாளைக் கெடுப்பது வெயிலைவிடக் கழிவறைதான். பெண்களுக்கு இரட்டிப்புச் சிரமம். ரயில் நிலையம், மெட்ரோ நிலையம், அருங்காட்சியகம், சாப்பிடும் உணவகம் ஆகியவற்றை மனத்தில் குறித்து, தேவை இல்லாவிட்டாலும் அங்கங்கே பயன்படுத்திவிட்டு நகருங்கள். அதற்குப் பயந்து தண்ணீரைக் குறைக்கும் பெண்கள்தான் பிற்பகலில் மயங்கி விழுகிறார்கள். மாநகராட்சிக்குத் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். ராயபுரம் கல்மண்டபத்திலும், மாடிப் பூங்கா வாசலிலும், பாரிமுனை எல்லைத் தூண் அருகிலும், பக்கத்துக் கழிவறையும் குடிநீர்க் குழாயும் எத்தனை மீட்டரில் உள்ளன என்று தமிழில் எழுதிய பலகை வையுங்கள். அதே பலகையில் தெருவின் பழைய பெயரையும் இன்றைய பெயரையும் சேர்த்து எழுதினால் வழி கேட்டு அலைவதும் பாதியாகக் குறையும்.

இப்படிக்கு,
நடைப்பயணிகள் சிலர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை – 21.